மருந்தும் மன்றாட்டும் – 17: சாவியைத் திருப்பிய சிறுவன்

1820-ல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் மருந்துப் பெட்டியோடு இறங்கியதில் தொடங்கினோம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததைப் பார்த்தோம். ஸ்கடரின் பேத்தி ஐடா, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததை மருத்துவக் கல்லூரியாக வளர்த்த கதையும் முடிந்தது. 1946 முடியும் தறுவாயில் முப்பத்திரண்டு வயதான ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் வேலூருக்கு வந்து சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. மனைவி மார்கரெட்டும் குழந்தைகளும் அப்போது இங்கிலாந்தில்.

அவர் பெயர் பால் பிராண்ட். அந்த ஒரு வருடம் பதினெட்டு வருடங்களுக்கு மேல் நீண்டது. காரணம், செங்கல்பட்டில் ஒரு பிற்பகல்.

*

1947. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் இருந்தது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. இன்று அதே இடத்தில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அன்று அதன் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் காக்ரேன். வேலூர்க் கல்லூரியின் முதல்வரும் அவர்தான். தோல் நிபுணர். தொழுநோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்.

மர நிழல்களினூடே பிராண்டை அழைத்துக்கொண்டு நடக்கிறார் காக்ரேன். ஒவ்வொரு நோயாளியாக நிறுத்தி, முதுகிலும் கையிலும் உள்ள தேமல்களைக் காட்டி, இது இந்த வகை, இது அந்த வகை என்று விளக்குகிறார். பிராண்டுக்குத் தேமல்களில் மனம் போகவில்லை. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை நோக்கி வணக்கம் சொல்லக் குவிந்தவை கைகளே இல்லை. விரல்கள் உள்ளே மடங்கி, பருந்தின் நகம்போல் விறைத்திருந்தன. சிலவற்றில் விரலே இல்லை. அடித்தண்டு மட்டும் இருந்தது. போர்க்காலத்து லண்டனில் குண்டுவீச்சில் சிதைந்த கைகளைத் தைத்துப் பழகியவர் பிராண்ட். மனிதக் கையின் மேல் அவருக்குத் தீராத மோகம். அதனால் பொறுக்க முடியாமல் கேட்டார்: இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன? இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள்?

காக்ரேன் அந்தக் கேள்வியை அப்படியே திருப்பிவிட்டார். நான் தோல் மருத்துவன், எனக்குத் தெரியாது; எலும்பு மருத்துவர் நீங்கள்தானே சொல்ல வேண்டும் என்றார். இளம்பிள்ளைவாதத்தில் முடங்குகிறவர்களைவிடத் தொழுநோயில் முடங்குகிறவர்கள் அதிகம். ஆனாலும் உலகத்தில் ஒரு எலும்பு மருத்துவரும் இந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்ததில்லை. காக்ரேனின் குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்.

பிராண்ட் பக்கத்தில் இருந்த ஒரு நோயாளியிடம் தன் கையை நீட்டினார். முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.

லேசாகத் தொடும், அவ்வளவுதான் என்று எதிர்பார்த்தார். முடமான கை அல்லவா? ஆனால் விரல்கள் இடுக்கியாய் இறுகி, நகங்கள் அவர் சதைக்குள் இறங்கின. வலி தாங்காமல் கையை இழுத்துக்கொண்டு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். வேண்டுமென்றே நோகடிக்கிறாரோ?

முகத்தில் சிரிப்புதான் இருந்தது. தன் பிடி எவ்வளவு பலமானது என்று அவருக்கே தெரியவில்லை.

இத்தனை பலம் மிச்சம் இருக்கிறது என்றால் எல்லாத் தசையும் சாகவில்லை. எவை செத்தன, எவை பிழைத்தன என்று கண்டுபிடித்துவிட்டால்?

இந்தக் காட்சியைப் பிராண்ட் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார், புத்தகங்களிலும் எழுதியிருக்கிறார். அவர் நல்ல கதைசொல்லி. நல்ல கதைசொல்லிகளின் நினைவைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் அணுக வேண்டும். ஆனால் அந்தப் பிடிக்குப் பிறகு அவர் செய்த வேலைக்குச் சாட்சியம் தேவையில்லை. அது அறுவை மருத்துவப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

*

இந்த மனிதருக்குத் தொழுநோய் புதிதல்ல. 1914-ல் அவர் பிறந்தது கொல்லிமலையில்.

தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர். மிஷனரிகளுக்கென்றே லண்டனில் நடந்த ஒரு வருட மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு மலையேறியவர். தாய் ஈவ்லின். டோலியும் நடையும் தவிர மலைக்கு வேறு வழியில்லாத காலம். ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், கட்டிகளைக் கீறினார், கால்களிலிருந்து நரம்புச்சிலந்திப் புழுவை இழுத்தெடுத்தார். பள்ளிக்கூடமும் தச்சுப் பட்டறையும் நடத்தினார். ஆண்டுக்கணக்கில் பிரசங்கம் செய்தும் மலையில் ஒருவரும் மதம் மாறவில்லை. உள்ளூர்ப் பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்தார்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. அந்தப் பூசாரி படுத்தார். அவருடைய ஆட்களே கிட்டே வரப் பயந்தபோது, கஞ்சி கொண்டுபோனவர்கள் ஜெஸ்ஸியும் ஈவ்லினும். சாகும்முன் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். கொல்லிமலையில் அவர்களுடைய சபை துளிர்த்தது அதற்குப் பிறகுதான். பிரசங்கம் திறக்காத கதவைக் கஞ்சிச் சட்டி திறந்தது என்று இதை மிஷன் வரலாறுகள் பெருமையாகச் சொல்லும். எனக்குத் தோன்றுவது வேறு. அந்தத் தம்பதி கஞ்சி கொண்டுபோனபோது கதவு திறக்கும் என்று கணக்குப் போட்டிருக்க வழியில்லை. நோயாளி பிழைப்பாரா என்பதே தெரியாத காய்ச்சல் அது.

ஆனால் இதே ஜெஸ்ஸி தொழுநோய்க்கு அஞ்சினார். ஒரு நாள் மூன்று அந்நியர்கள் வீட்டை நோக்கி வந்தார்கள். தந்தையின் முகம் மாறியதைச் சிறுவன் பால் கவனித்தான். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். தந்தை கையுறை மாட்டிக்கொண்டு வந்தவர்களின் கால் புண்களைக் கழுவிக் கட்டினார். வேறு எந்த நோயாளிக்கும் அவர் கையுறை போட்டுப் பால் பார்த்ததில்லை.

ஒன்பது வயதில் பாலைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் தந்தி வந்தது: கருநீர்க் காய்ச்சலில் தந்தை இறந்துவிட்டார். ஆனால் கப்பல் தபால் தந்தியைவிட மெதுவானது. இறந்துபோன தந்தையின் கடிதங்கள் அதற்குப் பிறகும் சில வாரங்கள் வந்துகொண்டிருந்தன. மலையில் பார்த்த மரங்களையும் பூச்சிகளையும் பற்றி, மகனுக்கு ஆசையாக எழுதிய கடிதங்கள்.

பால் முதலில் மருத்துவம் படிக்க மறுத்தார். சீழும் ரத்தமும் பிடிக்காது என்றார். தச்சு, கொத்து வேலை கற்றுக்கொண்டு நாலைந்து வருடம் கட்டடத் தொழிலில் இருந்தார். தந்தை படித்த அதே குறுகிய மருத்துவப் படிப்பில் சேர்ந்தபோதுதான் மனம் மாறியது. 1937-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். அந்தத் தச்சு வேலை வீண்போகவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

*

மீண்டும் 1947.

தொழுநோய்க் கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் இந்தியாவில் 1898-ல் போட்ட தொழுநோயாளர் சட்டம் அமலில் இருந்தது. ஆதரவற்ற நோயாளியை வாரண்ட் இல்லாமல் பிடித்து அடைக்கலாம். உணவுத் தொழில் செய்யக் கூடாது, பொதுக் கிணற்றில் குளிக்கக் கூடாது, பொது வண்டியில் ஏறக் கூடாது என்று தடை போடலாம். சட்டம் விட்டாலும் ஊர் விடாது. மனைவி சமையலறையிலிருந்து விலக்கப்படுவாள், அண்ணன் திண்ணையிலிருந்து விலக்கப்படுவான், பிறகு வீட்டிலிருந்தே.

அதே சமயத்தில் சல்போன் மருந்துகள் வந்திருந்தன. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1941-ல் தொடங்கிய சோதனையின் பலனை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, மலிவான வடிவத்தில் கொடுத்துப் பார்த்தவர் காக்ரேன். முதல் முறையாகக் கிருமி அடங்கியது. நோய் தீர்ந்தவர்கள் வெளியே போகலாம். ஆனால் அந்தக் கையோடு எங்கே போவது? குணமானாலும் மடங்கிய விரல் மடங்கியதுதான். அதைக் கண்டதும் டீக்கடைக்காரர் தம்ளரை எட்ட வைப்பார்.

பிராண்டுக்கு வேண்டியிருந்தது ஒரு வரைபடம். எந்த நரம்பு எங்கே கெடுகிறது? உயிரோடு இருப்பவரின் கையைக் கீறிப் பார்க்க முடியாது. தொழுநோயாளி இறந்தால் உடலைப் பரிசோதனைக்குக் கொடுக்க உறவினர் இருக்க மாட்டார்கள், அல்லது சம்மதிக்க மாட்டார்கள். நெடுநாள் காத்திருப்புக்குப் பிறகு செங்கல்பட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. விடிந்தால் உடலை எரித்துவிடுவார்கள். இரவோடு இரவாகப் பயணம். விளக்கு வெளிச்சத்தில் தோளிலிருந்து விரல் நுனிவரை, இடுப்பிலிருந்து பாதம்வரை நரம்புகளைப் பிரித்து வைத்தார்கள்.

ஓர் ஒழுங்கு தெரிந்தது. நரம்பு எல்லா இடத்திலும் வீங்கவில்லை. முழங்கைக்கு மேலே, மணிக்கட்டுக்கு மேலே, முழங்காலின் பக்கவாட்டில், முகத்தில் – எங்கெல்லாம் நரம்பு தோலுக்கு அருகில் ஓடுகிறதோ அங்கெல்லாம் வீங்கியிருந்தது. ஆழத்தில், தசைக்கு அடியில் ஓடும் இடங்களில் ஆரோக்கியமாக இருந்தது. உடலின் குளிர்ந்த பகுதிகளையே கிருமி விரும்புகிறது என்பது பின்னால் தெளிவான விஷயம்.

அப்படியானால் செங்கல்பட்டு நோயாளியின் அந்தப் பிடிக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. உள்ளங்கைச் சிறு தசைகளுக்குப் போகும் நரம்பு வழியிலேயே செத்துவிடுகிறது, விரல் நிமிராது. ஆனால் முன்கையின் பெரிய தசைகளுக்கு நரம்பு, கெடும் இடத்துக்கு முன்பே கிளை பிரிந்துவிடுகிறது. அவை முழு பலத்தோடு இருக்கின்றன. ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு தசைநாண்கள் வருகின்றன. ஒன்றை எடுத்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். எடுத்ததைப் பிரித்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய், செத்த தசைகள் செய்த வேலைக்குப் பூட்டிவிட்டால்? வற்றிய வாய்க்காலுக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து மடை மாற்றி விடுவதுபோல.

இந்த உத்தி பிராண்டின் கண்டுபிடிப்பு அல்ல. மற்ற காரணங்களால் நரம்பு அறுந்த கைகளுக்கு அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பன்னல் போன்றவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். தொழுநோயாளியின் கைக்குச் செய்யலாம் என்று எண்ணியதுதான் புதிது. ஏனென்றால் உலகமே நம்பிய ஒன்று இருந்தது: இது கெட்ட சதை. கத்தி வைத்தால் ஆறாது.

*

வேலூர் மருத்துவமனையில் இதற்கு எதிர்ப்பு வந்தது. தொழுநோயாளியை உள்ளே சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்றார்கள். ஊழியர்களுக்குப் பயம், நிர்வாகத்துக்குக் கவலை. இத்தனை பேரும் காலையில் ஜெபித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள்தான். நோயாளியைப் பாளயத்துக்குப் புறம்பே வை என்ற லேவியராகமத்தின் கட்டளையும், நோயாளியைத் தொட்ட இயேசுவும் இருப்பது ஒரே வேதப் புத்தகத்தில். அவசரத்துக்கு எதைத் திறப்பது என்பது மனிதர்கள் கையில்.

கடைசியில் மதில் சுவரை ஒட்டிய ஒரு மண்சுவர் அறையில் கைகளுக்கான பிரிவு தொடங்கியது. முதல் அறுவைகள் 1948-ல். முதலில் வந்தவர்களில் ஒருவர் படித்த இந்து இளைஞர். கைகள் மடங்கி, காலில் பெரும் புண்களோடு, பிச்சை எடுத்துத் திரிந்தவர். எடுத்தவுடன் பெரிதாக எதையும் தொடாமல், ஒரு விரல், இரண்டு விரல் என்று மெதுவாகப் போனார்கள். கட்டைப் பிரிக்கும் நாளில் எல்லாருக்கும் ஒரே படபடப்பு.

புண் ஆறியிருந்தது. சாதாரணச் சதைபோலவே ஆறியிருந்தது.

பிறகுதான் பெரிய வேலை. மோதிர விரலை மடக்க இருந்த தசையைக் கட்டைவிரலுக்கு மாற்றினால், மூளைக்கு அது தெரியாது. மோதிர விரலை மடக்க நினைத்தால் கட்டைவிரல் அசையும். இதைப் பழக்க வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார வேண்டும். ரூத் தாமஸ் என்ற பயிற்சியாளர் இந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மெழுகு ஒத்தடம் கொடுத்து, அசைக்கக் கற்றுக்கொடுத்தார். கத்தியைவிட இந்தப் பொறுமைக்குத்தான் பாதி வெற்றி சேர வேண்டும். வழக்கம்போல வரலாறு கத்தியின் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

சோற்றைப் பிசைந்து, உருட்டி, ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது நமக்குத் தெரியாது. அது முடியாமல் போனவருக்குத் தெரியும். விரல் மடங்கியவர்கள் இலையில் குனிந்து வாயால் அள்ள வேண்டியிருந்தது. வேலூரில் அறுவை வெற்றி என்பதற்கு அளவுகோல் கோணமானியில் இருந்தது, குறிப்பேட்டில் இருந்தது. நோயாளிகளின் அளவுகோல் சோற்றுக் கவளம்.

*

சில மாதங்களில் சிலர் திரும்பி வந்தார்கள். முகத்தில் நன்றி இல்லை, புகார் இருந்தது. டாக்டர், இந்தக் கை பிச்சைக்கு ஆகவில்லை என்றார்கள்.

விரல் நிமிர்ந்துவிட்டது, பார்த்தவர்கள் காசு போடுவதில்லை. ஆனால் தழும்பு இருக்கிறது, அதனால் வேலையும் கொடுப்பதில்லை. வாடகைக்கு வீடும் இல்லை. பிராண்ட் இந்தப் புகாரைப் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. கையைச் சரிசெய்து, அந்த மனிதனின் ஒரே வருமானத்தையும் பறித்தாகிவிட்டது.

1951-ல் பாகாயத்தில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சில மண் குடிசைகள் எழுந்தன. வயது முதிர்ந்த ஒரு மிஷனரி அம்மையார் தன் சேமிப்பிலிருந்து கொடுத்த பணம் அதற்கு முதல். பெயர் நவஜீவ நிலையம். அறுவைக்கு வருகிறவர்கள் அங்கேயே தங்கினார்கள், தொழில் கற்றார்கள். மர பொம்மைகள், ரயில் வண்டிகள், புதிர்ப் பலகைகள். ஆசிரியர்? காலையில் அறுவை செய்த அதே மருத்துவர், மாலையில் இழைப்புளியும் உளியுமாக. லண்டன் தச்சுப் பட்டறையில் கழித்த வருடங்கள் இங்கே வட்டியோடு திரும்பின.

ஆனால் பட்டறையில் ஒரு புதிய தலைவலி. கைகள் வேலை செய்ய ஆரம்பித்ததும் புண்களும் அதிகமாயின. சுத்தியல் பட்டது, ஆணி கிழித்தது, கைப்பிடி கொப்புளம் போட்டது. புண் ஆறும், மறுபடி வரும். விரல் குட்டையாகும். கெட்ட சதைதான், நோயே விரலைத் தின்கிறது என்ற பழைய பேச்சு திரும்பவும் எழுந்தது. பிராண்டால் உடனே மறுக்க முடியவில்லை. கிருமி அடங்கிய பிறகும் விரல் ஏன் தேய்கிறது?

*

பதில் ஒரு பூட்டில் இருந்தது.

சாமான் அறையின் பூட்டு துருப்பிடித்திருந்தது. பிராண்ட் சாவியைப் போட்டுத் தன் பலம் முழுவதையும் கொடுத்துத் திருகிப் பார்க்கிறார். அசையவில்லை. பக்கத்தில் நின்ற சிறுவன், பத்து வயது இருக்கும், வயதுக்கு ஏற்ற வளர்த்தியில்லாத நோஞ்சான், நான் திறக்கட்டுமா என்று கேட்டு முன்னே வந்தான். நோயாளிப் பிள்ளைகளில் ஒருவன்.

சாவியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தான். ஒரே வெட்டு. பூட்டு திறந்துகொண்டது.

முப்பது தாண்டிய, தச்சு வேலை செய்து உரமேறிய கையால் முடியாதது இந்தச் சின்னக் கையால் எப்படி முடிந்தது?

தரையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

பிராண்ட் சிறுவனின் கையைப் பிடித்துப் பார்த்தார். சாவியின் விளிம்பு ஆட்காட்டி விரலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. தோல், கொழுப்பு எல்லாம் பிளந்து எலும்பு தெரிந்தது. பையன் சிரித்துக்கொண்டே நின்றான். பூட்டைத் திறந்த பெருமை.

பிராண்டின் விரலும் அந்த விளிம்பை உணர்ந்திருந்தது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் அழுத்த வலி விடவில்லை. எல்லார் கையிலும் அந்தக் காவல் இருக்கிறது. சூடான தம்ளரை மாற்றிப் பிடிக்கிறோம், குத்தும் செருப்பைக் கழற்றுகிறோம், ஒரே காலில் நின்று வலித்தால் மறுகாலுக்கு மாறுகிறோம். நாளெல்லாம் இப்படி நூறு முறை நம்மையறியாமல் வலி நம்மைக் காப்பாற்றுகிறது. இந்தப் பையனுக்கு அந்தக் காவல் இல்லை.

விரலை நோய் தின்னவில்லை. வலி இல்லாததால் விரல்கள் தேய்க்கப்பட்டன, சுடப்பட்டன, வெட்டப்பட்டன.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு விசாரணை நடந்தது என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு புண்ணுக்கும் குற்றவாளியைத் தேடினார்கள். இது சுத்தியல் கைப்பிடி, இது அடுப்பில் இருந்து சட்டியை வெறும் கையால் இறக்கியது, இது விளக்குக் கண்ணாடி. விரல்களின் நீளத்தை அளந்து குறித்தார்கள். காரணம் தெரிந்து தடுத்த இடத்தில் விரல் குட்டையாவது நின்றது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இரவு முழுசாக இருந்த விரலில் காலையில் ஒரு துண்டு காணோம். இரவில் என்ன நடக்கிறது? ஒருவர் விழித்திருந்து காவல் பார்த்தார். எலி. கட்டிலேறி வந்து, தூங்குகிறவரின் விரலை முகர்ந்து, கொறித்தது. தூங்குகிறவர் அசையவில்லை.

அதற்குப் பிறகு நவஜீவ நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் மருந்தோடும் அறிவுரையோடும் ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

கால்களுக்கு வேறு வைத்தியம். உள்ளங்கால் புண்ணுக்குக் களிம்பு தடவிப் பயனில்லை, அழுத்தத்தை நிறுத்த வேண்டும். பாதத்தோடு ஒட்டி மாவுக்கட்டு போட்டு நடக்கவிட்டால் புண் தானே ஆறியது. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் முன்பே கையாண்ட முறை. இன்று சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குப் போடும் கட்டும் இதே வம்சம்தான். தொழுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலியைத் தள்ளிப் போடுகிறவர்கள், தங்கள் வீட்டுப் பெரியவரின் காலைக் காப்பாற்றிய கட்டு எந்த வார்டிலிருந்து வந்தது என்பதை அறிய மாட்டார்கள்.

*

பக்தி இதில் எங்கே வருகிறது? இந்தத் தொடரின் வாசகர்கள் பலர் கேட்பது இது.

எலியை ஜெபம் கண்டுபிடிக்கவில்லை, கண்விழித்த மனிதர் கண்டுபிடித்தார். பிராண்டும் அப்படித்தான் சொல்லியிருப்பார். கத்தி வைக்கும் முன் ஜெபிப்பது வேலூரின் வழக்கம். ஜெபித்ததால் தையல் ஒன்று குறையவில்லை. ஆனால் புகழும் பணமும் தராத, சக மருத்துவர்கள் முகம் சுளிக்கும் ஒரு வேலையில், லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்த ஒருவர் எதற்காக ஒட்டிக்கொண்டு கிடந்தார் என்று கேட்டால், அந்த நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். போக்கிடம் இல்லாத நோயாளி, சோறும் மருந்தும் கட்டிலும் தரும் ஓர் இடத்தில் நாள்தோறும் பிரசங்கம் கேட்கிறார். அவர் மதம் மாறினால் அது எந்த அளவுக்குச் சுயவிருப்பம்? மிஷன் மருத்துவமனைகள் எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி. அறுவைக்கு மதத்தை நிபந்தனையாக்கியதில்லை என்பது வேலூரின் பக்கம் சொல்ல வேண்டியது. ஆனாலும் கேள்வி முழுதாகத் தீர்வதில்லை.

மாறியவர்களுக்கும் சபை உடனே இடம் கொடுத்துவிடவில்லை. நவஜீவ நிலையத்தில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். முகத்திலும் கையிலும் நோயின் தடம் நன்றாகத் தெரியும். நோயாளிகளுக்கென்று நடக்கும் ஆராதனை போதாது, ஊருக்குள் இருக்கும் தமிழ்ச் சபைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பிராண்ட் மூப்பர்களிடம் போய்ப் பேசினார். நோய் அடங்கிவிட்டது, ஒட்டாது என்றார். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: எங்கள் சபையில் திருவிருந்துக்கு ஒரே கிண்ணம், அவரும் அதில்தான் குடிப்பாரா?

குடிக்கலாம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பின்வரிசையில் தயங்கி நின்றார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நல்ல ஆரோக்கியமான மனிதர். நோயாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் கையால் தட்டி, வந்து உட்காரச் சொன்னார்.

வருடங்கள் கழித்து ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த நோயாளியைப் பிராண்ட் சந்தித்தபோது, தான் குணமான நாள் அந்த ஞாயிறுதான் என்று அவர் சொன்னாராம். அவருடைய கைகளைப் பிராண்டால் அறுவையில் பெரிதாகச் சரிசெய்ய முடிந்திருக்கவில்லை. ஆனாலும் குணம் என்று அவர் சொன்னது அதைத்தான்.

*

1952-ல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரி பிராண்டை ஹண்டேரியன் சொற்பொழிவுக்கு அழைத்தது. தொழுநோய்க் கையின் சீரமைப்புதான் பேசுபொருள். மண்சுவர் அறையில் தொடங்கியது அந்த மண்டபம்வரை வந்துவிட்டது. பிறகு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு அமெரிக்கப் பயணம். கை அறுவை வல்லுநர்கள், நரம்பு நிபுணர்கள் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். நரம்புத் துண்டுகளைப் பெட்டியில் வைத்து எடுத்துச்சென்று காட்டினார்.

வேலை முடிந்து கப்பலேறியபோது உடம்பு சரியில்லை. காய்ச்சல். கரையிறங்கி, நெரிசலான ரயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்து லண்டன் வந்து சேர்ந்தார். விடுதி அறையில் சோர்ந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். காலுறையை உருவினார்.

குதிகாலில் உணர்ச்சி இல்லை.

கையால் தடவிப் பார்த்தார். தொடுவது விரலுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

இது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலூரில் ஆயிரக்கணக்கான கால்களில் இதே சோதனையைச் செய்தவர் அவர். மரத்துப்போன இடமே முதல் அறிகுறி. ஊழியர்கள் அனைவரும் மாதாமாதம் தங்கள் உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டவரும் அவர்தான். வருடக்கணக்காகக் கையுறை இல்லாமல் புண்களைத் தொட்டிருக்கிறார். அறுவையின்போது ஊசி எத்தனை முறை தன் விரலில் குத்தியிருக்கும்?

எழுந்தார். ஓர் ஊசியைத் தேடி எடுத்தார். மறுபடி உட்கார்ந்து, கணுக்காலுக்குக் கீழே குத்தினார்.

வலிக்கவில்லை.

இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் பொட்டாய் எழும்பியது. அப்போதும் வலிக்கவில்லை.

உடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் படுத்தார். தூக்கம் வரவில்லை. மார்கரெட்டையும் பிள்ளைகளையும் இனித் தொடலாமா? இந்த நோய் ஒட்டுவது மிகக் கடினம் என்று மேடை மேடையாகச் சொன்னவருக்கே ஒட்டிவிட்டது என்று தெரிந்தால், நவஜீவ நிலையத்தில் அவரை நம்பி வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் என்ன செய்வார்கள்? குடிசைகள் மிஞ்சுமா? வேலூருக்கு அவர் மருத்துவராகத் திரும்புவாரா, நோயாளியாகவா?

ஜன்னலில் வெளிச்சம் வந்ததும் அதே ஊசியை மறுபடி கையில் எடுத்தார். இந்த முறை என்ன நடந்தது?

(தொடரும்)